உள்ளே ஒரு சென்டிமீட்டர்

இருபத்திரண்டு வருடமாகப் பெண்களின் மார்பைத் தட்டையாக அழுத்திப் படம் எடுப்பது என் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "எக்ஸ்ரே டெக்னீஷியன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுசாகச் சொன்னால் ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள், பெண்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் மேமோகிராம் அறை தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஏசி மட்டும் ஏகத்துக்கு வேலை செய்யும். வருகிறவர்கள் முதலில் சொல்வது "குளிருதே", அடுத்துக் கேட்பது "வலிக்குமா?" வலிக்கும் என்றுதான் சொல்வேன். வலிக்காது என்று பொய் சொல்லி அழுத்தினால் இரண்டாவது பக்கத்துக்கு ஒத்துழைக்க மாட்டார்கள்.

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் ஹாரன் என்போம். என் கணவருக்கு ஒரே தங்கை. பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறாள். ஆனால் பட்டப்பெயர் அதற்கு வெகுநாள் முன்பே, அவள் பேச ஆரம்பித்த வயதிலேயே வந்துவிட்டது. ஐம்பத்தோரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பக்கத்து சீட்ல உட்கார்ந்து பிரேக் மிதிக்கிற வேலையை நாள் முழுக்கச் செய்யறேன். வீட்டுக்கு வந்தும் அதையே செய்யணுமா?" என்பாள்.

மூன்று வருடம் நச்சரித்துத்தான் அவளைப் படம் எடுக்க வரவழைத்தேன். வந்தவள் மெஷினைச் சுற்றிப் பார்த்து, "சர்வீஸ் எப்ப விட்டீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே எடுத்தேன். இடது பக்கப் படம் திரையில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேல்பாதியில், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, உப்புத்தூள் கொட்டியது போல நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் ஒரே இடத்தில் கூடிக் கிடந்தன. மொத்தமாக ஆறு மில்லிமீட்டர் இருக்கும். படத்தைப் பார்த்து முடிவு சொல்வது டாக்டரின் வேலை, என் வேலை இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடம் சும்மா போய்விடாது.

ஊசி விட்டுச் சதையில் துளி எடுத்துச் சோதித்தார்கள். எடுத்த இடம் பிறகு தெரிய வேண்டும் என்பதற்காக எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஐந்தாம் நாள் ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். அந்த இடத்தை மட்டும் சுத்தமாக எடுத்துவிட்டால் மார்பு தப்பிக்கும், ஆளும் தப்பிப்பாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் இருந்தார், வாயே திறக்கவில்லை. அவருக்குத் தங்கை என்றால் உயிர். உயிர் என்று நினைக்கிற விஷயத்தில் அவருக்குப் பேச்சு வராது.

"தடவிப் பார்த்தேன் அண்ணி," என்றாள் ஹாரன். "குளிக்கும்போது ஒரு மணி நேரம் தடவிப் பார்த்தேன். ஒண்ணுமே தட்டுப்படலை."

"தட்டுப்படாதுதான். தட்டுப்படற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னுதான் படமே எடுக்கறது."

"கைக்கே தெரியாதது கத்திக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. இத்தனை வருடத்தில் இதை இவ்வளவு நறுக்கென்று யாரும் கேட்டதில்லை. சர்ஜன் உள்ளே திறந்து பார்த்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் அகப்படாது என்று அவளுக்கு விளக்கினேன். அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் அறையில் வைத்து, படத்தைப் பார்த்தபடியே ஒரு மெல்லிய கம்பியை அந்த இடம் வரைக்கும் செலுத்துவோம். கம்பி நுனியில் சின்னக் கொக்கி இருக்கும், அது சதையில் மாட்டிக்கொள்ளும். சர்ஜன் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், நுனியைச் சுற்றி இருப்பதை வெட்டி எடுப்பார். வேறு ஊர்களில் கம்பிக்குப் பதிலாக அரிசி அளவு காந்தத்தை வைத்துவிட்டு, அதைக் கருவியால் தேடுகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஒரு விற்பனையாளர் வந்து அதைக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லி மூன்று வருடம் ஆகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரு விரலைத் தூக்கினாள். "ஒரே தடவை. ஒரு தடவைதான் அந்த மேஜை மேல ஏறுவேன். எடுத்தா எடுத்ததுதான், விட்டா விட்டதுதான். இரண்டாவது தடவை வான்னு யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

அவள் வெறும் வீம்புக்குச் சொல்லவில்லை. அவள் பள்ளியில் கூட வேலை பார்த்த தோழி ஒருத்திக்கு இதே நோய்தான். "இன்னும் கொஞ்சம் இருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று மூன்று முறை அறுத்தார்கள். மூன்று முறையும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தவள் ஹாரன்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு அந்தத் தோழி அதிக நாள் இருக்கவில்லை. ஹாரன் ஒரு பேச்சு சொன்னால் மாறமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். பெற்றவர்களாலேயே அவளை அசைக்க முடிந்ததில்லை.

"ஒரே தடவைதான். நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. எங்கள் வேலையில் வாக்குக் கொடுப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். சொந்தக்காரர்களுக்கு நாங்களே செய்யக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆனால் இன்னொரு டெக்னீஷியன் பிரசவ விடுப்பில் இருந்தாள். தவிர, "அண்ணி இல்லேன்னா நான் வரலை" என்று ஹாரன் ஒற்றைக் காலில் நின்றாள். படம் பார்த்துக் கம்பி போடுகிறவர் எங்கள் ஸ்கேன் டாக்டர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், கை சுத்தமான கை, என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

வெளிப்பக்கத்திலிருந்து, அதாவது அக்குள் பக்கத்திலிருந்து கம்பியைச் செலுத்துவது என்று முடிவு. அழுத்துகிற தட்டில் ஜன்னல் போல ஒரு திறப்பு இருக்கும். அதன் ஓரங்களில் ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் எண். படத்தில் கிளிப் எந்த எழுத்துக்கும் எந்த எண்ணுக்கும் நேராக இருக்கிறதோ அங்கே ஊசியை வைக்க வேண்டும்.

"அசையாதீங்க," என்றார் டாக்டர்.

"அசையறதுக்கு எங்க விட்டீங்க?" என்றாள் ஹாரன்.

மரத்துப்போகிற மருந்து போட்டு ஊசி இறங்கியதும் அவளுடைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "மெதுவா... மெதுவா... நேராப் பிடிங்க... பிரேக்." டாக்டர் சிரித்துவிட்டார். ஊசியோடு சிரிக்காதீர்கள் என்று அவரை நான் அதட்டினேன். பிறகு தட்டைத் தளர்த்தி, மேலிருந்து கீழாக அழுத்தி இன்னொரு படம் எடுத்தேன். ஊசி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஊசி முனை கிளிப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. டாக்டர் ஊசிக்குள் கம்பியை விட்டு, ஊசியை மட்டும் உருவினார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அப்போதுதான் ஹாரன் பேசவில்லை என்று கவனித்தேன். அவள் பேசாமல் இருந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். முகம் வெளுத்து, உதடு வெளுத்து, நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. நான் தட்டைத் தளர்த்துவதற்குள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். பிடித்துக்கொண்டேன். நாற்காலியைச் சாய்த்து, காலைத் தூக்கி வைத்து, கன்னத்தில் தட்டினோம். நாலு நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "வண்டி ஆஃப் ஆயிடுச்சு போல," என்றாள்.

ஆனால் சரிந்த வேகத்தில் கம்பி நகர்ந்திருந்தது. கடைசியாகச் சரிபார்க்க எடுத்த இரண்டு படங்களில், பக்கவாட்டுப் படம் பார்க்கச் சரியாகவே இருந்தது. கம்பி அந்தத் திசையிலேயே போவதால் நுனியும் கிளிப்பும் அதில் ஒன்றன் மேல் ஒன்றாகத்தான் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. கொக்கி ஒரு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. கிளிப் அதைத் தாண்டி, நடு நெஞ்சுப் பக்கமாக இருந்தது.

"இன்னொரு கம்பி போடலாமா?" என்று டாக்டர் தயங்கினார். அவளுக்கு ரத்த அழுத்தம் எண்பதில் நின்றது. தியேட்டரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஹாரன் கண்ணை மூடியபடி, "இன்னொரு குத்தா? போதும்பா," என்றாள்.

"சரி, ஒரு சென்டிமீட்டர்தானே. சர்ஜனுக்குத் தெரிஞ்சாப் போதும்," என்றார் டாக்டர். "அக்கா, தியேட்டருக்குச் சொல்லிடுங்க. கம்பி நுனியிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் உள்பக்கம்."

நான் ஒரு கையால் ஹாரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்தேன். தியேட்டர் சிஸ்டர் எடுத்தார். பின்னணியில் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம். "கம்பி நுனியிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே இருக்கு. எழுதிக்கிட்டீங்களா?" என்றேன். "நுனியிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே. எழுதியாச்சு," என்றார் அவர். வைத்துவிட்டேன்.

வெளியே நீட்டியிருந்த கம்பியைச் சுருட்டி, அசையாமல் இருக்க அதன்மேல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, பிளாஸ்டர் ஒட்டினேன். அவளைச் சக்கர நாற்காலியில் தியேட்டர் வாசல் வரைக்கும் நானே தள்ளிக்கொண்டு போனேன். அங்கே என் கணவர் நின்றிருந்தார். தங்கையின் தலையைத் தடவிவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். வெறும் வயிற்றில்தான் ஆபரேஷன் செய்வார்கள் என்பதுகூட அந்த மனுஷனுக்கு மறந்துவிட்டது.

பதினொன்றே காலுக்கு முதல் துண்டு வந்தது. வெட்டி எடுத்ததை மூடிபோட்ட டப்பாவில் வைத்து எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதைப் படம் எடுத்து, தேடின பொருள் அதில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சொல்லும் வரைக்கும் அங்கே தையல் போடாமல் காத்திருப்பார்கள். துண்டில் இரண்டு நூல் கட்டியிருக்கும். குட்டை நூல் மேல்புறம், நீள நூல் வெளிப்புறம்.

படம் திரையில் வந்தது. கம்பி இருந்தது. கொக்கி இருந்தது. கிளிப் இல்லை, உப்புத்தூளும் இல்லை. வெறும் சதை.

டாக்டர் தியேட்டருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். சர்ஜன் எதையும் நீட்டிப் பேசாத அம்மாள்.

"மேடம், இதுல இல்லை."

"இல்லையா? போர்டுல எழுதின மாதிரி ஒரு சென்டிமீட்டர் உள்ளே சேர்த்துத்தான் எடுத்தேன். பக்கவாட்டுப் படத்துலயும் சரியாத்தானே இருக்கு? இன்னும் போகட்டுமா?"

"ஆமா மேடம், இன்னும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே எடுத்துப் பாருங்க."

இரண்டாவது துண்டு வந்தது. அதிலும் இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். இல்லாததை எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் இல்லைதான். ஒரே தடவை என்று தூக்கிய அந்த விரல்தான் கண்முன் நின்றது. இன்றைக்கு அது வரவில்லை என்றால் அவள் திரும்ப வரப்போவதில்லை. அது அங்கேயே இருந்து வளரும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.

"சக்‌ஷன்ல உறிஞ்சி இழுத்திருக்குமோ?" என்றார் டாக்டர். அப்படி நடப்பதுண்டு. ரத்தத்தை உறிஞ்சுகிற குழாயில் கிளிப்பும் போய்விடும். துண்டில் உப்புத்தூளாவது இருக்க வேண்டுமே என்று நான் முணுமுணுத்தேன். அதை ஊசிச் சோதனையிலேயே பெரும்பாலும் எடுத்திருக்கலாம் என்றார்.

"சக்‌ஷன் பாட்டிலை அனுப்பறேன், படம் எடுத்துப் பாருங்க," என்றார் சர்ஜன். "நான் மூட ஆரம்பிக்கறேன். இதுக்கு மேல உள்ளே போறதுக்கு இடமில்லை. தசை வந்தாச்சு. அடுத்தது விலா எலும்புதான்."

விலா எலும்பு என்ற வார்த்தை என் காதில் விழுந்து அங்கேயே நின்றது. உள்பக்கம் போனால் விலா எலும்பு ஏன் வருகிறது? உள்பக்கம் போனால் நடு நெஞ்செலும்பு அல்லவா வர வேண்டும்? மேலிருந்து எடுத்த படத்தை மறுபடி பார்த்தேன். பிறகு போனில் நான் பேசினதை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். டாக்டர் சொன்னது உள்பக்கம். நான் சொன்னது உள்ளே. எங்கள் அறையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நடு நெஞ்சைப் பார்த்த பக்கம் என்று எங்களுக்குப் புரியும். மேஜையில் மல்லாந்து படுத்திருக்கிற பெண்ணின் மேல் குனிந்து, கையில் கத்தியோடு நிற்கிறவருக்கு உள்ளே என்றால் கீழே. ஆழம். முதுகைப் பார்த்த பக்கம்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, டாக்டரே கண்டுபிடித்துச் சொல்லட்டுமே என்று நினைத்தேன். அவரும்தானே இப்போது "உள்ளே" என்றார்? அந்த ஒரு நொடிக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

"மேடம், டெக்னீஷியன் பேசறேன்," என்றேன் போனைப் பார்த்துக் குனிந்து. "மூடாதீங்க. நீங்க எந்தப் பக்கம் போனீங்க?"

"உள்ளே. ஆழத்துக்கு."

"அது தப்பு மேடம். ஆழம் இல்லை. நெஞ்செலும்புப் பக்கம். நுனியிலேர்ந்து நெஞ்செலும்பைப் பார்த்து ஒரு சென்டிமீட்டர். டாக்டர் சரியாத்தான் சொன்னார். நான்தான் போன்ல 'உள்ளே'ன்னுட்டேன்."

தியேட்டர் சிஸ்டரின் குரல் சலிப்போடு, "சுத்தம்!" என்றது. சர்ஜன் யாரையும் திட்டவில்லை. "நெஞ்செலும்புப் பக்கம். சரி. பத்து நிமிஷம்," என்றார்.

ஸ்கேன் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். "நானும்தான் அக்கா இரண்டாவது தடவை..." என்று ஆரம்பித்தார். "பேசாம இருங்க டாக்டர்," என்றேன்.

மூன்றாவது துண்டு வந்தது. படம் எடுத்தேன். திரையில் முதலில் தெரிந்தது கிளிப். சின்ன வளையம், பளிச்சென்று. பக்கத்திலேயே உப்புத்தூள், நான் முதல் நாள் பார்த்த அதே கூட்டம். அழுதேன். டாக்டர் போனில், "இருக்கு மேடம், இருக்கு!" என்று கத்தினார். ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொன்னார். சர்ஜன் அந்த ஓரத்தில் இன்னொரு மெல்லிய துண்டையும் சீவி எடுத்துவிட்டு மூடினார்.

அன்று மத்தியானமே நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எங்கள் சுவரில் ஒரு தாள் ஏறியது: உள்ளே, வெளியே, மேலே, கீழே என்று போனில் சொல்லக்கூடாது, நெஞ்செலும்புப் பக்கம், அக்குள் பக்கம், தலைப் பக்கம், ஆழம் என்றே சொல்ல வேண்டும். டாக்டரின் கையெழுத்து. நோயாளியிடமும் வீட்டாரிடமும் சர்ஜன் சொன்னது, தேட வேண்டியிருந்ததால் கொஞ்சம் கூடுதலாக எடுத்தோம் என்பது மட்டும். அது பொய் இல்லை. நானும் என் கணவரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிட்டு, ஹாரனிடம் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், தையல் ஆறட்டும் என்று பத்து நாள் ஓட்டினேன்.

பதினோராம் நாள் சோதனைச்சாலையிலிருந்து அறிக்கை வந்தது. நெஞ்செலும்புப் பக்க ஓரத்தில், அந்த மெல்லிய துண்டின் விளிம்பு வரைக்கும், நோய் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை திறந்து கொஞ்சம் எடுக்க வேண்டும். கம்பிகூடத் தேவையில்லை, அரை மணி வேலை. ஒரே துண்டாக முதலிலேயே வந்திருந்தால் ஓரம் சுத்தமாக இருந்திருக்குமா என்று சர்ஜனைக் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அவர் சொல்லமாட்டார். எனக்கு என்னமோ இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

"நீ தப்பாச் சொன்னதைப் பத்திப் பேசிடாதே," என்றார் என் கணவர் இரவு சாப்பாட்டின்போது. "அவ அதையே பிடிச்சுக்குவா. அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டா. மெதுவாப் பேசி, கையைக் காலைப் பிடிச்சுச் சம்மதிக்க வைப்போம்."

மறுநாள் அவள் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். முன்புறம் கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் சாலைக் குறிகளின் படம், ஒரு மேஜை, இரண்டு மின்விசிறி. வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். இடது கையை இன்னும் முழுதாகத் தூக்க முடியாததால் அவள் வண்டியில் ஏறாமல், அந்த வாரம் முழுக்க உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். அறிக்கையை மேஜையில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன்.

அவள் அதைப் படிக்கக்கூட இல்லை. "ஒரே தடவைன்னு சொன்னேன் அண்ணி."

"சொன்னே."

"நீங்களும் சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? முடிஞ்சுது." அறிக்கையை என் பக்கம் தள்ளினாள். சத்தமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அது எங்க இருக்குன்னே அவங்களுக்குத் தெரியலை. கைக்கும் தெரியலை, கம்பிக்கும் தெரியலை. கூடுதலா எடுத்தும் இன்னும் இருக்குன்னா, அது ஓடிப் பிடிச்சு விளையாடுது. என் தோழிக்கும் இப்படித்தான். அது போற இடத்துக்கெல்லாம் என்னால பின்னாலயே போக முடியாது. இருக்கற வரைக்கும் கிளாஸ் எடுத்துட்டு இருப்பேன்."

கையைக் காலைப் பிடிக்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவள் சொன்னதைக் கேட்டதும் அது முடியவில்லை.

"அது எங்கயும் ஓடலை," என்றேன். "எங்க இருக்குன்னு முதல் நாளே தெரியும். கடைசி வரைக்கும் அங்கயேதான் இருந்துச்சு. நான் தப்பாச் சொன்னேன்."

அவள் நிமிர்ந்தாள். கம்பி நகர்ந்தது, டாக்டர் சொன்னது, நான் போனில் சொன்னது, சர்ஜன் கீழே போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டைக்கு மேலே, கட்டுப் போட்டிருந்த இடத்தில் தன் விரலை வைத்தாள்.

"உள்ளேன்னா இப்படியா?" விரல் கீழே அழுத்தியது.

"அவங்க அப்படி எடுத்துக்கிட்டாங்க."

"நீங்க நினைச்சது இப்படி." விரல் பக்கவாட்டில், நடு நெஞ்சை நோக்கி நகர்ந்தது.

"ஆமா."

"அப்ப நடுவுல ஒரு துண்டு சும்மா போச்சு."

"சும்மாதான் போச்சு. என்னாலதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் எழுந்து போய் ஒரு விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என் கிளாஸ்ல ரைட்ங்கற வார்த்தையே கிடையாது. கவனிச்சிருக்கீங்களா? வலதுன்னுதான் சொல்லுவேன். ஆரம்பிச்ச வருஷம் ஒரு அம்மா, என்னைவிட வயசுல பெரியவங்க. நல்லாத்தான் ஓட்டினாங்க. ஒரு முக்குல 'லெஃப்ட்ல திரும்பவா?'ன்னு கேட்டாங்க. நான் 'ரைட்'னேன். சரிங்கற அர்த்தத்துல. அவங்க வலது பக்கம் ஒடிச்சு நேரா ஒரு கடை ஷட்டர்ல கொண்டுபோய் விட்டாங்க. யாருக்கும் அடியில்லை. ஆனா கூட்டம் கூடிடுச்சு. எல்லார் முன்னாலயும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இந்த அம்மாவுக்கு இடது வலதே தெரியலை'ன்னு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நான் சொன்னதுதான் தப்புன்னு அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். போய்ச் சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. தனக்குத்தான் ஓட்ட வராதுன்னு நினைச்சுக்கிட்டாங்க அண்ணி. அதுக்கப்புறம் அவங்க வண்டியையே தொடலை."

வெளியே யாரோ கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பூட்டியிருப்பதைக் கண்டு போய்விட்டார்கள். அவள் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டாள், சொன்னேன். கடைசி வரி வந்ததும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"தேதி வாங்குங்க," என்றாள். "ஆனா இந்தத் தடவை போன் கீன் எல்லாம் வேண்டாம். நீங்களே தியேட்டர் உள்ள வாங்க. அந்த சர்ஜன் முன்னால என் மேல கையை வெச்சு, இங்கதான்னு காட்டிட்டு வெளியே போங்க."